கழுவக் கூடாத அழுக்கு

ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு தப்பு பண்ணினேன். ஏழு கோடி வருஷமா பத்திரமா இருந்த ஒரு தகவலைப் பத்தே நிமிஷத்துல, வீட்டுச் சமையல் மேடையில வெச்சு அழிச்சேன். அது என்ன தகவல், எப்படிப் படிக்கணும் என்று பிறகு தெரிந்துகொண்டதை இங்கே எழுதி வைக்கிறேன்.

என்னோட பி.இ. படித்த நண்பனுக்கு அரியலூர் பக்கம் சொந்த ஊர். பொங்கலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது அம்பத்தூரில் எங்கள் வீட்டுக்கு வந்தான். பையிலிருந்து ஒரு செய்தித்தாள் பொட்டலத்தை எடுத்தான். "மச்சி, உனக்குத்தான் இந்த மாதிரி கல்லெல்லாம் புடிக்குமே. எங்க கொல்லையில உழும்போது வந்துச்சு" என்றான். உள்ளே பெரிய நெல்லிக்காய் அளவில் ரெண்டு கல். ரெண்டுமே மூடிய சிப்பிகள். மேலே வெள்ளையும் பழுப்புமாகத் திட்டுத்திட்டாக ஏதோ ஒட்டியிருந்தது. போனில் ஒரு படம் எடுத்து வைத்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. முதல் சிப்பியை எடுத்து, சில்லி சிக்கனுக்கு வாங்கி வைத்திருந்த வினிகரில் போட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்தேன். நுரை பொங்கியது. "ஏங்க, சாமான் கழுவச் சொன்னா அதைச் செய்யறதில்ல, கல்லைக் கழுவிட்டு இருக்கீங்க" என்று வீட்டில் ஒரு குரல். காதில் வாங்கவில்லை. பத்து நிமிஷத்தில் சிப்பி வழுவழுவென்று ஆகிவிட்டது. ஷோகேஸில் வைத்தேன். ரெண்டாவதைக் கழுவ நேரமில்லை, அப்படியே பொட்டலத்தில் கிடந்தது. அந்தச் சோம்பேறித்தனத்துக்கு இன்றைக்கு நன்றி சொல்கிறேன்.

இது நாம சாப்பிடற மட்டி இல்லை

அந்தச் சிப்பிகள் பிராக்கியோபாட் என்ற இனம். பார்க்க மட்டி, ஆளி மாதிரி ரெண்டு ஓடு இருக்கும். ஆனால் உறவு கிடையாது. மட்டி நத்தையோட சொந்தக்காரன். பிராக்கியோபாட் தனித் தொகுதி. ஆங்கிலத்தில் இதற்கு விளக்குச் சிப்பி என்ற அர்த்தத்தில் ஒரு பெயர் உண்டு. மூக்கு வைத்த அகல் விளக்கு மாதிரி இருப்பதால் அந்தப் பெயர். நானும் விளக்குச் சிப்பி என்றே எழுதுகிறேன்.

வித்தியாசம் கண்டுபிடிப்பது சுலபம். மட்டியில் ரெண்டு ஓடும் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பம். ஆனால் ஒரு ஓட்டை மட்டும் எடுத்துப் பார்த்தால் இடதும் வலதும் ஒத்துப்போகாது. விளக்குச் சிப்பியில் நேர்மாறு. மேல் ஓடும் கீழ் ஓடும் வேறு வேறு. ஆனால் ஒவ்வொரு ஓட்டின் நடுவிலும் கோடு போட்டால் இடமும் வலமும் அப்படியே ஒத்துப்போகும். மூக்குப் பக்கம் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அதன் வழியே ஒரு காம்பு வெளியே வந்து, பாறையையோ வேறு சிப்பியையோ பிடித்துக்கொள்ளும்.

இன்னொரு வித்தியாசம்தான் இந்தக் கட்டுரைக்கு முக்கியம். மட்டியைக் கொதிக்க வைத்தால் தானாக வாய் திறக்கும், பார்த்திருப்பீர்கள். ரெண்டு ஓட்டையும் இணைக்கும் இடத்தில் ரப்பர் மாதிரி ஒரு நார் இருக்கு. அது எப்போதும் திறக்கத்தான் பார்க்கும். உயிரோடு இருக்கும்வரை தசை இழுத்து மூடி வைத்திருக்கும். செத்தால் பிடி விட்டுப்போகும், ஓடு திறந்துவிடும். விளக்குச் சிப்பிக்கு அந்த ரப்பர் நார் கிடையாது. மூடவும் தசை, திறக்கவும் தசை. அதனால் செத்த பிறகும் பெரும்பாலும் மூடியபடியே கிடக்கும். கீலில் இருக்கும் பல்லும் குழியும் வேறு பிடித்துக்கொள்ளும்.

ஆக, மூடிய விளக்குச் சிப்பி ஒன்று கிடைத்தால், அது உயிரோடு இருக்கும்போதே மண்ணில் புதைந்ததா, செத்துக் கடலடியில் ரொம்ப நாள் உருண்டபிறகு புதைந்ததா என்று சிப்பியைப் பார்த்துச் சொல்வது கஷ்டம். வேறு சாட்சி வேண்டும். நான் தேய்த்துக் கழுவியது அந்தச் சாட்சியைத்தான்.

அரியலூரில் கடல்

அரியலூர், பெரம்பலூர் வட்டாரம் கிரிட்டேசியஸ் காலத்தில் கடலுக்குள் இருந்தது. அந்தப் பாறைகளை எச்.எஃப். பிளான்ஃபோர்டு 1862-ல் உட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்து எழுதினார். இன்றைக்கும் அந்தப் பெயர்கள்தான் அடிப்படை. அரியலூர்த் தொகுதியில் கல்லங்குறிச்சி அடுக்கு என்ற சுண்ணாம்புப் பாறை வருகிறது. டைனோசர் காலத்தின் கடைசிக் கட்டம், சுமார் ஏழு கோடி ஆண்டு பழசு. கல்லங்குறிச்சி என்றதும் பலருக்குக் கலியுக வரதராஜப் பெருமாள் கோயில் ஞாபகம் வரும். அதே ஊர்தான். அங்கே பெரிய பெரிய கடல் சிப்பிகள், விளக்குச் சிப்பிகள், பிரையோசோவாக்கள் எல்லாம் பாறையாகவே இறுகிக் கிடக்கின்றன. அந்த வட்டாரத்து சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் போவதும் இந்த மாதிரிப் பாறையிலிருந்துதான். அம்பத்தூரில் எழும்பும் ஏதாவது ஒரு ஃபிளாட்டின் சுவரில் கொஞ்சம் கிரிட்டேசியஸ் கடல் கலந்திருக்கலாம்.

நம்ம பக்கமே இல்லையா என்று கேட்கலாம். பூந்தமல்லி தாண்டிப் போனால் வரும் ஸ்ரீபெரும்புதூர் அடுக்குகள் இதைவிடப் பழசு. அவை செடி இலைப் படிவங்களுக்குப் பேர் போனவை. கடல் உயிரிகளும் அங்கே கிடைத்திருக்கின்றன. ஆனாலும் சிப்பி மேல் ஒட்டியவற்றைப் பார்க்க அரியலூர்தான் சரியான இடம்.

ஒட்டிக்கொண்டவர்கள் யார் யார்

கடலடி பெரும்பாலும் சேறும் மணலும். ஒட்டி வாழும் உயிரிக்கு அதில் கால் ஊன்ற முடியாது. கெட்டியான இடம் வேண்டும். அங்கே கிடக்கும் ஒரு சிப்பி அதற்குப் புறம்போக்கில் கிடைத்த பட்டா நிலம் மாதிரி. இப்படிக் கெட்டியான பரப்பில் ஒட்டியும் துளைத்தும் வாழும் உயிரிகளுக்கு 2002-ல் பால் டெய்லர், மார்க் வில்சன் என்ற ரெண்டு ஆய்வாளர்கள் 'ஸ்க்ளீரோபயான்ட்' என்று ஒரு பொதுப் பெயர் வைத்தார்கள். கிரேக்கத்தில் ஸ்க்ளீரோஸ் என்றால் கெட்டி.

கிரிட்டேசியஸ் சிப்பிகளில் பொதுவாகப் பார்க்கக்கூடியவர்கள் இவர்கள்:

பிரையோசோவா: இதுதான் முக்கியமான ஆள். ஒவ்வொரு உயிரியும் அரை மில்லிமீட்டர் அளவில் சுண்ணாம்பு அறை கட்டி, பக்கத்தில் தன்னையே நகல் எடுத்து அடுத்த அறை, அடுத்த அறை என்று பரவும். இதில் ரெண்டு பெரிய வகை. சைக்ளோஸ்டோம் என்பது குழாய் குழாயாக இருக்கும். சிலது ஒற்றை வரிசைச் சங்கிலியாக ஓடி, இடையிடையே கவட்டை மாதிரி ரெண்டாகப் பிரியும். கைலோஸ்டோம் என்பது சின்னச் சின்னப் பெட்டிகளை நெருக்கி அடுக்கிய மாதிரி, லென்ஸில் பார்த்தால் தேன்கூடு மாதிரி தெரியும்.

குழாய்ப் புழு: சுண்ணாம்பில் குழாய் கட்டி அதற்குள் வாழும் செர்புலிட் புழுக்கள். பற்பசையைப் பிதுக்கிவிட்ட மாதிரி வளைந்து வளைந்து போகும். பழைய புத்தகங்களில் நாற்பது கோடி வருஷத்துச் சிப்பிகளிலும் சின்னச் சுருள் குழாய்களைக் காட்டி ஸ்பைரோர்பிஸ் என்ற புழு என்று எழுதியிருப்பார்கள். அவை புழுவே இல்லை, மைக்ரோகாங்கிட் என்ற வேறு இனம் என்று குழாயின் நுண் அமைப்பை வைத்துப் பின்னால் கண்டுபிடித்தார்கள். அந்த இனம் ஜுராசிக் காலத்தின் நடுவோடு முடிந்துவிட்டது. அதனால் அரியலூர்க் காலத்துக் குழாய்களில் அந்தக் குழப்பம் இல்லை.

சிப்பிக் குஞ்சுகள்: கடல் சிப்பியின் குஞ்சு வந்து ஒட்டி, வளர முடியாமல் போனால், அடி ஓடு மட்டும் தட்டையாக மிச்சம் இருக்கும்.

துளைப்பவர்கள்: ஓட்டுக்குள் குடையும் கடற்பஞ்சு மாதிரியானவை. வெளியே குண்டூசித் துளைகளாகத் தெரியும். இவை ஒட்டியவை அல்ல, குடைந்தவை.

பழவேற்காடு போகும்போது கரையில் ஒரு பழைய சிப்பியை எடுத்துப் பாருங்கள். இதே ஆட்களின் வாரிசுகள் இருப்பார்கள். ஒரு வித்தியாசம் உண்டு. இன்றைய சிப்பியில் சின்ன எரிமலை மாதிரி பார்னக்கிள் என்கிற கொட்டலசு அப்பிக் கிடக்கும். அந்த வடிவக் கொட்டலசுகள் பெருகியதெல்லாம் டைனோசர்கள் போன பிறகுதான். ஏழு கோடி வருஷத்துச் சிப்பியில் அவை அப்பிக் கிடப்பதை எதிர்பார்க்க வேண்டாம்.

எப்படிப் படிப்பது

நான் வேலையில் தினமும் லாக் ஃபைல் படிக்கிறவன். சர்வர் ஏன் விழுந்தது என்று அது வாய் திறந்து சொல்லாது. எந்த வரி எதற்கு முன், எதற்குப் பின் என்று பார்த்துத்தான் கதையைக் கட்ட வேண்டும். சிப்பி மேல் ஒட்டியவையும் அப்படித்தான். மூன்று கேள்வி கேட்டால் போதும்.

முதல் கேள்வி: எங்கே ஒட்டியிருக்கு? ஓட்டின் உள்பக்கத்தில் இருந்தால், அது ஒட்டும்போது சிப்பி செத்துத் திறந்து கிடந்தது. இதில் சந்தேகமே இல்லை. வெளியே இருந்தால் அடுத்த கேள்விக்குப் போகணும்.

ரெண்டாவது கேள்வி: ரெண்டு ஓடும் சேரும் விளிம்பைத் தாண்டியிருக்கா? உயிருள்ள சிப்பி சாப்பிடவும் மூச்சு விடவும் அந்த விளிம்பைத் திறந்தாக வேண்டும். அதன் குறுக்கே ஒரு சுண்ணாம்புக் குழாய் ஓடினால், கதவுக்குத் தாழ்ப்பாள் போட்ட மாதிரி. உயிருள்ள சிப்பியில் அது நடக்காது. ஆக, விளிம்பைத் தாண்டியிருந்தால் உள்ளே ஆள் இல்லை.

இதில் ஒரு எச்சரிக்கை. தாண்டவில்லை என்பதால் சிப்பி உயிரோடு இருந்தது என்று சொல்ல முடியாது. லாக்கில் எர்ரர் இருந்தால் பிழை உண்டு. எர்ரர் இல்லை என்பதால் பிழை இல்லை என்று ஆகிவிடாது, அதே கணக்கு. உயிரோடு இருந்தது என்று சொல்லக் கூடுதல் சாட்சி வேண்டும். பல சிப்பிகளில் ஒரே வகை உயிரி ஒரே இடத்தில், விளிம்பை நோக்கியே வளர்ந்திருந்தால், சிப்பி உள்ளே இழுக்கும் நீரோட்டத்தில் அதுவும் பங்கு கேட்டிருக்கு என்று ஊகிக்கலாம். 1961-ல் டெரெக் ஏகர் என்ற ஆங்கிலேயர் டெவோனியன் காலத்து விளக்குச் சிப்பி இனம் ஒன்றை எடுத்து, அதன் மேல் ஒட்டியவற்றை மட்டுமே வைத்து ஒரு கட்டுரை எழுதினார். எந்தெந்த உயிரி ஓட்டின் எந்தப் பகுதியில் அதிகம் என்று எண்ணி, அந்தச் சிப்பி கடலடியில் எப்படி உட்கார்ந்திருந்தது, தண்ணீரை எந்தப் பக்கம் இழுத்தது என்பதுவரை யோசித்தார். ஒட்டுண்ணி போலத் தெரிந்ததை வைத்து வீட்டுக்காரரின் வாழ்க்கையைப் படித்தார்.

மூன்றாவது கேள்வி: யார் மேல் யார்? அம்பத்தூர் ஓ.டி. பக்கம் சுவர்களைப் பாருங்கள். சினிமா போஸ்டர் மேல் கட்சி போஸ்டர், அதன் மேல் கண்ணீர் அஞ்சலி. எது முதலில் ஒட்டினது என்று ஓரத்தைப் பார்த்தாலே தெரியும். இங்கேயும் அதேதான். ஒரு பிரையோசோவாவின் ஓரம் இன்னொன்றின் மேல் ஏறியிருந்தால் ஏறியது பிந்தியது. ரெண்டும் சந்திக்கும் இடத்தில் விளிம்பு தூக்கி முட்டிக்கொண்டு நின்றால், ரெண்டும் ஒரே நேரத்தில் உயிரோடு இருந்து இடத்துக்குச் சண்டை போட்டிருக்கின்றன. இந்த எல்லைச் சண்டைகளைக் கணக்கெடுத்து 1995-ல் ஃபிராங்க் மெக்கின்னி ஒரு கட்டுரை எழுதினார். பத்துக் கோடி ஆண்டுக் கணக்கு அது. கைலோஸ்டோம்கள் மோதிய மோதல்களில் சுமார் மூன்றில் ரெண்டு பங்கில் ஜெயித்து, சைக்ளோஸ்டோம் மேல் ஏறியிருக்கின்றன. ஆச்சரியம் என்னவென்றால், காலம் போகப் போக அந்த விகிதம் பெரிதாக மாறவில்லை. ஒரு விலங்கு இன்னொன்றை ஜெயிக்கும் கணத்தை இப்படி எண்ணக்கூடிய அளவில் புதைபடிவத்தில் பார்க்க முடிவது அபூர்வம்.

ரெண்டு சிப்பி, ரெண்டு கதை

இதெல்லாம் படித்த பிறகு பொட்டலத்தில் கிடந்த ரெண்டாவது சிப்பியை எடுத்தேன். ரிச்சி தெருவில் வாங்கிய யூ.எஸ்.பி. மைக்ரோஸ்கோப், பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்த செல்போன் டார்ச். நேராக வெளிச்சம் அடித்தால் எதுவும் தெரியாது. சாய்த்து அடித்தால் நிழல் விழுந்து எல்லாம் எழுந்து நிற்கும். என் பெண் டார்ச் பிடித்தாள்.

மேல் ஓட்டில் ஒற்றை வரிசைச் சங்கிலி ஒன்று, மூக்குப் பக்கம் ஆரம்பித்து, கவட்டை கவட்டையாகப் பிரிந்து விளிம்பை நோக்கி ஓடுகிறது. விளிம்புக்கு ஒரு மில்லிமீட்டர் முன்னால் நின்றுவிட்டது. அதன் ஒரு கிளை மேல், விரல் நகத்தில் பாதி அளவுக்குத் தேன்கூடு மாதிரி ஒரு திட்டு ஏறியிருக்கு. இன்னொரு பக்கம் ஒரு குழாய்ப் புழு. அதன் குழாய் மேல் ஓட்டில் ஆரம்பித்து, வளைந்து, விளிம்பைத் தாண்டிக் கீழ் ஓட்டில் போய் முடிகிறது.

"அப்பா, அப்போ இந்தப் புழு வந்தப்ப சிப்பி செத்துப் போச்சா?" என்று கேட்டாள். அவளுக்கு வயது பன்னிரண்டு. ரெண்டே நிமிஷத்தில் பிடித்துவிட்டாள்.

ஆமாம். புழு குழாய் கட்டி முடித்தபோது இந்த வீட்டில் ஆள் இல்லை. சங்கிலி வந்தபோது சிப்பி உயிரோடு இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். தேன்கூட்டுத் திட்டு சங்கிலிக்குப் பின்னால் வந்தது. ஆக, இந்தச் சிப்பி செத்த உடனே புதையவில்லை. ஒரு புழு வந்து ஒட்டி வளர்ந்து குழாய் நீட்டும் அளவுக்காவது கடலடியில் திறந்த வெளியில் கிடந்திருக்கு. அந்த இடத்தில் அப்போது மண் அவசரமாக மூடவில்லை. ஒரு குழாயிலிருந்து கடலடியின் வேகம் வரைக்கும் போய்விட்டோம்.

இப்போது ஷோகேஸில் இருந்த முதல் சிப்பியை எடுத்தேன். லென்ஸில் வழுவழுப்பு மட்டும்தான். நண்பன் வந்த அன்றைக்கு எடுத்த போன் படத்தைத் தேடி எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். வலது ஓரத்தில் மெல்லிசாக ஒரு வெள்ளைக் கோடு. விளிம்பை நோக்கிப் போகிறது. தாண்டுகிறதா, அதற்கு முன்னாலேயே நிற்கிறதா? படத்தில் அந்த இடம் நாலு பிக்ஸல். எவ்வளவு பெரிதாக்கினாலும் நாலு பிக்ஸல்தான்.

அந்தச் சிப்பியும் சுண்ணாம்பு, அதன் மேல் ஒட்டியதும் சுண்ணாம்பு. வினிகர் ரெண்டையும் ஒன்றாகத்தான் தின்னும். மெல்லிசாக இருப்பது முதலில் போகும். அழுக்கு என்று நினைத்து அதைத்தான் முதலில் அனுப்பி வைத்தேன். வேலையில் இடம் போதவில்லை என்று பழைய லாக்கை ஒருமுறை அழித்திருக்கிறேன். அதற்கு பேக்கப் இருந்தது. இதற்கு இல்லை.

சேர்த்துப் பார்க்கிற வேலை

அரியலூர்ப் படிவங்களை முதலில் விரிவாக விவரித்தவர்களில் முக்கியமானவர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. மொராவியாவில் 1838-ல் பிறந்து, 1862-ல் கல்கத்தா வந்து இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார். தென்னிந்தியக் கிரிட்டேசியஸ் உயிரிகள் பற்றிப் பல பாகங்கள் எழுதினார். விளக்குச் சிப்பிகளும் பிரையோசோவாக்களும் 1872-ல் வந்தன. 1874-ல் யார்க்கண்ட் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் லடாக்கில் இறந்தார். வயது 36தான். நூறு வருஷத்துக்கும் மேல் கழித்து, 1996-ல் அரியலூர்த் தொகுதியின் பிரையோசோவாக்களைப் பற்றி குஹாவும் செந்தில் நாதனும் தனி நூலே எழுதினார்கள்.

வகைப்பாட்டு நூல்களின் இயல்பு, ஒவ்வொரு குழுவுக்கும் தனி அத்தியாயம். எங்கள் பாஷையில் சொன்னால், விளக்குச் சிப்பி ஒரு டேபிள், பிரையோசோவா இன்னொரு டேபிள். ரெண்டையும் இணைக்கிற ஒரு காலம் வேண்டும்: எந்தச் சிப்பி மேல், எந்தப் பக்கம், விளிம்பைத் தாண்டியா இல்லையா. அந்தக் காலம் கல்லிலேயே இருக்கு. கல்லைச் சுத்தம் பண்ணினால் அந்தக் காலத்தை மட்டும் டெலீட் பண்ணுகிறோம். பேர் தெரியும், உறவு தெரியாது.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். அரியலூர்ப் பக்கம் போனால் வாரணவாசியில் இருக்கும் புதைபடிவ அருங்காட்சியகத்தைப் பாருங்கள். வெளியே கல்லைப் பார்த்தால் அள்ளிக்கொண்டு வராதீர்கள், கிடந்த இடத்திலேயே படம் எடுங்கள். ரெண்டு ஓட்டையும் எடுங்கள், விளிம்பைச் சுற்றிலும் எடுங்கள், டார்ச்சைச் சாய்த்து எடுங்கள், பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசு வையுங்கள். வீட்டில் ஏற்கெனவே தாத்தா காலத்துக் கல் ஏதாவது இருந்தால், மண்ணை மட்டும் மெல்லிய பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். வினிகர் வேண்டாம், எலுமிச்சை வேண்டாம், டூத் பிரஷ் வேண்டவே வேண்டாம்.

ஷோகேஸில் இப்போது ரெண்டாவது சிப்பி இருக்கு, திட்டுத்திட்டாக, அழுக்காக. வீட்டுக்கு வருகிறவர்கள், "இதைக் கழுவி வெச்சா நல்லா இருக்குமே" என்கிறார்கள். முதல் சிப்பியையும் தூக்கிப் போடவில்லை. பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். கழுவச் சொல்கிறவர்களுக்கு அதைக் காட்டுவேன்.